வளைவு எங்கே கீழே இறங்குகிறது?

இரண்டாம் செமஸ்டர் கால்குலஸின் முதல் உள்தேர்வுத் தாள் கைக்கு வந்தபோது, மூன்றாம் கேள்விக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரே ஒரு வரி இருந்தது. "இந்த வளைவு எங்கே கீழே இறங்குகிறது?" அதற்குக் கீழே பூஜ்யம்.

கேள்வி இதுதான்: 1/எக்ஸ்² என்ற சார்பை −1 முதல் 1 வரை தொகையிடுக, அதாவது அந்த வளைவுக்கும் அச்சுக்கும் இடையிலுள்ள பரப்பைக் காண்க. எனக்கு அதில் யோசிக்க ஒன்றும் இருந்ததாகத் தோன்றவில்லை. அடுக்கோடு ஒன்றைக் கூட்டு, வந்த எண்ணால் வகு, −1/எக்ஸ் கிடைத்துவிடும். மேல் எல்லையைப் போட்டால் −1. கீழ் எல்லையைப் போட்டால் 1. கழித்தால் −2. மூன்றே வரியில் முடித்து, விடைக்கு அடியில் இரண்டு கோடு போட்டு, அடுத்த கேள்விக்குப் போயிருந்தேன்.

அந்தச் சிவப்பு வரி இரண்டு நாள் என்னை விடவில்லை. எந்த எண்ணை வர்க்கப்படுத்தினாலும் மிகை எண்தான் வரும். அதன் தலைகீழும் மிகை எண்தான். அப்படியானால் வளைவு முழுக்க அச்சுக்கு மேலேயே கிடக்கிறது. மேலேயே கிடக்கும் வளைவுக்குக் கீழுள்ள பரப்பு எப்படி −2 ஆகும்? சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், பரப்பு குறை எண்ணாக வராது என்று. நான் −2 என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன், எழுதும்போது உள்ளுக்குள் எதுவும் உறுத்தவில்லை. தவறு செய்ததைவிட அந்த உறுத்தாமல் போனதுதான் எனக்குப் பெரிதாகப்பட்டது.

வரைந்து பார்த்தபோது தெரிந்தது. பூஜ்யத்தில் அந்த வளைவு முடிவிலிக்குப் பாய்கிறது. −1-லிருந்து 1-க்கு நான் நடந்துபோனதாக நினைத்த பாதையின் நடுவில் ஒரு பாதாளம் இருந்திருக்கிறது. முறைப்படி செய்வதென்றால் பூஜ்யத்தின் இரு பக்கமும் தனித்தனியாக, சற்றுத் தள்ளி நின்று தொகையிட்டு, பிறகு பூஜ்யத்தை நெருங்க வேண்டும். வலப்பக்கம் மட்டும் எடுத்தாலே போதும்: பூஜ்யத்திலிருந்து 0.01 தள்ளி நின்றால் பரப்பு 99. 0.001 தள்ளி நின்றால் 999. நெருங்க நெருங்க ஏறிக்கொண்டே போகிறது. அந்தப் பரப்புக்கு விடையே கிடையாது. இல்லாத ஒன்றுக்கு நான் −2 என்று விலை சொல்லியிருக்கிறேன்.

இரண்டாம் செமஸ்டர் கால்குலஸைப் பற்றி யார் கேட்டாலும் இந்தக் கணக்கிலிருந்துதான் தொடங்குவேன். முதல் செமஸ்டரில் எல்லாக் கேள்விக்கும் விடை உண்டு என்ற நம்பிக்கையோடு படிக்கிறோம். இரண்டாவதில் அந்த நம்பிக்கைதான் முதலில் போகிறது.

வகையிடலை, அதாவது ஒரு சார்பு மாறும் வேகத்தைக் காண்பதை, எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை சிக்கலான கோவையைக் கொடுத்தாலும் பெருக்கல் விதி, வகுத்தல் விதி, சங்கிலி விதி என்று வெளியிலிருந்து உள்ளே ஒவ்வொரு தோலாக உரித்துக்கொண்டே போனால் வேலை முடிந்துவிடும். பொறுமை இருந்தால் போதும், யோசனை வேண்டாம். தொகையிடல் அப்படியில்லை. இரண்டு சார்புகளின் பெருக்கலைத் தொகையிட நேரான விதி எதுவும் இல்லை. எந்தப் பக்கமிருந்து உரிக்கத் தொடங்குவது என்பதே கேள்வியாக நிற்கிறது.

அதைவிட ஆழமான விஷயம் ஒன்று உண்டு. அதை முதல் வாரத்திலேயே சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றும் நினைக்கிறேன். ஈ பவர் எக்ஸ்² (ஈ என்பது 2.718 சொச்சம் மதிப்புள்ள மாறிலி, அதற்கு எக்ஸ்² அடுக்கு) என்ற சார்பைத் தொகையிட்டால் வருவதை, நமக்குத் தெரிந்த பல்லுறுப்புக் கோவை, மடக்கை, சைன், காஸ், அடுக்குச் சார்புகளைக் கொண்டு முடிவுள்ள ஒரு கோவையாக எழுதவே முடியாது. இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை என்று பொருளில்லை. முடியாது என்றே நிரூபித்தாகிவிட்டது. 1830-களில் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லியுவில் அதற்கான அடிப்படையைப் போட்டார். அதே சார்புக்கு முன்னால் ஒரு எக்ஸைப் பெருக்கி வைத்துப் பாருங்கள், ஒரே வரியில் முடிந்துவிடும்: விடை, ஈ பவர் எக்ஸ்²-இல் பாதி. பார்வைக்கு எளிதாக இருப்பது நடக்காத காரியம், ஒன்று கூடுதலாக ஒட்டிக்கொண்டிருப்பது நொடியில் முடிகிற காரியம். பாடப்புத்தகத்தின் பயிற்சியில் இருக்கும் அறுபது கணக்குகளும் விடை வரும் என்று தெரிந்து பொறுக்கி எடுத்தவை. வெளியே இருக்கும் சார்புகளில் பெரும்பாலானவை அந்தப் பட்டியலில் நுழையவே முடியாதவை. இதைத் தெரிந்துகொண்ட பிறகு பயிற்சிக் கணக்குகள் மேல் எனக்கு மரியாதை கூடியது. இவ்வளவு இருட்டுக்கு நடுவே விளக்கு எரியும் வீடுகள் சில இருக்கின்றன, அங்கே போய்ச்சேரும் வழிகளைத்தான் சொல்லித் தருகிறார்கள் என்று புரிந்தது.

வழிகள் என்று பார்த்தால் மூன்று நான்குதான். பிரதியிடல், பகுதித் தொகையிடல், பகுதிப் பின்னங்கள், முக்கோணவியல் பிரதியிடல். முதலாவது சங்கிலி விதியைத் திருப்பிப் போட்டது. இரண்டாவது பெருக்கல் விதியைத் திருப்பிப் போட்டது. பகுதித் தொகையிடலில் எதை வகையிடுவது, எதைத் தொகையிடுவது என்று முடிவு செய்ய மாணவர்கள் எல்லாரும் 'ஐலேட்' (தலைகீழ் முக்கோணவியல், மடக்கை, இயற்கணிதம், முக்கோணவியல், அடுக்கு என்ற சார்பு வகைகளின் ஆங்கில முதலெழுத்துகள்) என்று ஒரு சுருக்குவழியை மனப்பாடம் செய்திருப்போம். பெரும்பாலும் கைகொடுக்கும். ஆனால் ஏன் கைகொடுக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. வகையிட்டால் மெலிந்துபோகிற ஆளை வகையிடு, தொகையிட்டாலும் பருக்காத ஆளைத் தொகையிடு என்பதுதான் அதன் உள்ளர்த்தம்.

ஈ பவர் எக்ஸும் காஸ் எக்ஸும் பெருக்கலில் வரும் கணக்கில் இரண்டு பேருமே மெலிவதில்லை. அந்தக் கணக்கைப் போட்ட இரவு நன்றாக நினைவிருக்கிறது. ஒருமுறை பகுதித் தொகையிடல் செய்தேன், காஸ் சைனாக மாறியது. இன்னொரு முறை செய்தேன், சைன் மறுபடி காஸாக மாறி, நான் தொடங்கிய கணக்கே குறை அடையாளத்தோடு திரும்ப வந்து நின்றது. சுற்றிச் சுற்றி வருகிறேன் என்று பக்கத்தின் குறுக்கே கோடு இழுக்கப் போனேன். எதிரில் உட்கார்ந்திருந்த தோழி பேனாவைப் பிடித்துக்கொண்டாள்.

"அடிக்காதடி. திரும்ப வந்திருக்கிறதுக்குப் பேர் வை."

"பேரா?"

"ஆமா. 'அ'ன்னு வச்சுக்கோ. இடது பக்கம் ஒரு அ. வலது பக்கம் ஏதோ ரெண்டு உறுப்பு, கழித்தல் அ. இது பத்தாம் வகுப்புச் சமன்பாடுடி."

வலப்பக்கத்து அ-வை இடப்பக்கம் கொண்டுபோனால் இரண்டு அ. இரண்டால் வகுத்தால் விடை. தொகையிடாமலேயே தொகை கிடைத்துவிட்டது! தோல்வி என்று நினைத்து அடிக்கப் போன வரியில்தான் விடை இருந்தது. (ஒரு எச்சரிக்கை: முதல் முறை ஈ பவர் எக்ஸைத் தொகையிட்டிருந்தால் இரண்டாம் முறையும் அதையே தொகையிட வேண்டும். நடுவில் ஆளை மாற்றினால் வந்த வழியே திரும்பிப் போய், பூஜ்யம் சமன் பூஜ்யம் என்று நிற்பீர்கள். அதையும் செய்து பார்த்திருக்கிறேன்.)

இந்த இடத்தில் செகண்ட் என்ற முக்கோணவியல் சார்பைப் பற்றி (சுருக்கமாக செக், அதாவது 1/காஸ்) சொல்லாமல் நகர முடியாது. செக் எக்ஸைத் தொகையிடப் புத்தகம் ஒரு தந்திரம் சொல்லும்: செக் எக்ஸும் டேன் எக்ஸும் கூட்டி, அந்தக் கூட்டலாலேயே பெருக்கி வகு. அப்படிச் செய்தால் தொகுதியில் இருப்பது பகுதியின் வகைக்கெழுவாக அமைந்து, விடை மடக்கையாக வந்து விழும். சரிபார்க்கலாம், சரியாகத்தான் இருக்கும். ஆனால் எவருக்கு இப்படிப் பெருக்கத் தோன்றும்? எனக்கு இது கோபத்தையே உண்டாக்கியது. விடை தெரிந்தவர் மட்டுமே செய்யக்கூடிய காரியத்தை வழிமுறை என்று எழுதி வைத்திருக்கிறார்களே என்று நூலகத்தில் தேடப் போனேன். தேடியதில் கிடைத்தது கடற்பயணத்தின் கதை.

1569-இல் மெர்கேட்டர் ஓர் உலக வரைபடம் வெளியிட்டார். திசைகாட்டியில் ஒரே திசையை வைத்துக்கொண்டு போகும் கப்பலின் பாதை அதில் நேர்கோடாக விழும். மாலுமிக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் உருண்டையைத் தட்டையாக்கும்போது ஒரு விலை கொடுக்க வேண்டும். நிலநடுக்கோட்டிலிருந்து மேலே போகப் போக அட்சக்கோடுகள் சிறுத்துக்கொண்டே போகின்றன, அட்சரேகைக் கோணத்தின் காஸ் மதிப்பின்படி. வரைபடத்திலோ எல்லாக் கோடும் ஒரே நீளம். ஆகவே ஒவ்வொரு கோடும் செக் மடங்கு இழுக்கப்பட்டிருக்கிறது. 60 பாகையில் சரியாக இரண்டு மடங்கு. கோணங்கள் கெடாமல் இருக்க வேண்டுமானால் வடக்கு-தெற்காகவும் அதே அளவு இழுக்க வேண்டும். ஒவ்வொரு சிறு துண்டும் அதன் இடத்துக்கேற்ப வேறு வேறு அளவில் இழுபடுகிறது. அப்படியானால் ஓர் அட்சக்கோட்டை வரைபடத்தில் எவ்வளவு உயரத்தில் வரைவது? அதுவரையுள்ள செக் மதிப்புகளையெல்லாம் கூட்ட வேண்டும். செக்கின் தொகையீடு!

அப்போது கால்குலஸ் பிறக்கவில்லை. எட்வர்ட் ரைட் என்ற ஆங்கிலேயர் சிறு சிறு இடைவெளிகளில் செக் மதிப்புகளைக் கையால் கூட்டி அட்டவணை போட்டார். அது 1599-இல் அச்சானது. 1640-களில் ஹென்றி பாண்ட் என்பவர் அந்த அட்டவணையின் எண்கள், டேன் மதிப்புகளின் மடக்கை அட்டவணையோடு ஒத்துப்போவதைக் கவனித்தார். ஏன் என்று அவருக்குத் தெரியாது. இரண்டு அட்டவணைகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில் கண்ணில் பட்டது, அவ்வளவுதான். 1668-இல் ஜேம்ஸ் கிரிகரி அதை நிரூபித்தார், வழி மிகக் கடினமானது. 1670-இல் ஐசக் பாரோ எளிய வழி ஒன்று தந்தார்: 1/காஸ் என்பதை மேலும் கீழும் காஸால் பெருக்கி, பகுதியில் 1 − சைன்² என்று எழுதி, அதை இரண்டு காரணிகளாகப் பிரித்து, இரண்டு எளிய பின்னங்களாக உடைத்தார். நாம் நான்காம் வாரத்தில் படிக்கும் பகுதிப் பின்னங்கள் முறைதான் அது.

வரைபடம் வந்து நூறு ஆண்டுகள் கழித்துக் கிடைத்த விடை, புத்தகத்தில் ஒன்றரை வரி. பாரோவின் வழியில் அன்றிரவே போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு அடியும் எனக்கே தோன்றியிருக்கக் கூடியதாக இருந்தது. அதன் பிறகு அந்தத் தந்திர வழியை நான் எழுதியதே இல்லை, தேர்வில்கூட. நான்கு வரி கூடுதலானாலும் பாரோவின் வழிதான்.

அடுத்து வரும் வளைவின் நீளம், சுழற்பொருளின் கன அளவு போன்ற பகுதிகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. படம் ஒழுங்காக வரைந்தால் பாதிக் கணக்கு முடிந்த மாதிரி. ஒன்றே ஒன்று மட்டும்: 1/எக்ஸ் வளைவை 1-லிருந்து முடிவிலி வரை எடுத்து அச்சைச் சுற்றிச் சுழற்றினால் கிடைக்கும் கொம்பு. 1640-களில் டாரிசெல்லி காட்டியது. அதன் கன அளவு பை, அதாவது 3.14 சொச்சம். அதன் புறப்பரப்போ முடிவிலி. உள்ளே அளவாகத்தான் கொள்ளும், வெளியே அளவில்லாமல் நீளும். −2 எழுதிய கையால் இந்தக் கணக்கைப் போட்டபோது ஒன்று புரிந்தது: முடிவிலி வந்துவிட்டாலே விடை இல்லை என்று எழுதிவிடவும் கூடாது. போய்ப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் போய்ப் பார்க்க வேண்டும்.

தொடர்கள் வந்தபோது வகுப்பில் பாதிப் பேர் முகம் வாடிவிட்டது. எனக்கோ அங்கேதான் இந்தப் பாடம் திறந்தது.

இசைத் தொடர் என்று ஒன்று: 1 + 1/2 + 1/3 + 1/4 என்று போய்க்கொண்டே இருக்கும். கூட்டுகிற எண்கள் சிறுத்துச் சிறுத்துப் பூஜ்யத்தை நெருங்குகின்றன. அப்படியானால் கூட்டுத்தொகையும் எங்காவது அடங்கத்தானே வேண்டும்? நான் கணினியில் ஒரு சின்ன நிரல் எழுதிக் கூட்டிப் பார்த்தேன். 10-ஐத் தாண்ட 12,367 உறுப்புகள் ஆயின. 20-ஐத் தாண்ட 27 கோடியே 24 லட்சத்து 600 உறுப்புகள். குறைந்த துல்லியத்தில், அதாவது எண்ணுக்கு 32 பிட் என்று வைத்துக் கூட்டினால் இன்னும் வேடிக்கை: 15.4 சுமாருக்கு வந்ததும் கூட்டுத்தொகை அசையாமல் நின்றுவிடும். சேர்க்கப்படும் எண் அவ்வளவு சிறியதாகிவிட்டதால் இயந்திரத்தின் கணக்கில் அது ஒட்டுவதில்லை. திரையைப் பார்ப்பவர், தொடர் ஒருங்கிவிட்டது, விடை 15.4 என்று சத்தியம் செய்வார்.

ஆனால் அது ஒருங்குவதில்லை. 1350 வாக்கில் நிக்கோல் ஒரெம் என்ற பிரெஞ்சு அறிஞர் தந்த நிரூபணத்தை எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் சொல்லிவிடலாம். 1/3 + 1/4 எடுங்கள். 1/3 என்பது 1/4-ஐவிடப் பெரியது, ஆகவே இரண்டும் சேர்ந்து அரைக்கு மேல். அடுத்த நான்கு, 1/5 முதல் 1/8 வரை: ஒவ்வொன்றும் குறைந்தது 1/8, ஆகவே சேர்ந்து அரைக்கு மேல். அடுத்த எட்டு உறுப்புகள், மறுபடி அரைக்கு மேல். அடுத்த பதினாறு, மறுபடி. அரை அரையாக எத்தனை வேண்டுமானாலும் கிடைத்துக்கொண்டே இருக்கும். எந்த மதிலைக் கட்டினாலும் ஒருநாள் ஏறிக் குதித்துவிடும்.

கணினியால் காட்ட முடியாததை, கரித்துண்டு பிடித்த கை காட்டிவிட்டது. இதை முதல்முறை படித்த அன்று புத்தகத்தை மூடிவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இதே மாதிரி 1/எண்-க்குப் பதிலாக 1/எண்² என்று போட்டால், அதாவது 1 + 1/4 + 1/9 + 1/16 என்று போனால், அது அடங்கிவிடுகிறது. 2-ஐத் தாண்டாது என்று காட்டுவது எளிது. ஆனால் சரியாக எங்கே அடங்குகிறது? 1650-இல் மெங்கோலி இந்தக் கேள்வியைக் கேட்டார். ஆய்லர் 1734-இல் விடை கண்டார்: பை²/6, ஏறக்குறைய 1.6449. விடை இருக்கிறது என்பது தெரியும், விடை என்ன என்பது எண்பத்து நான்கு ஆண்டுகள் தெரியாது. 'இருக்கிறதா' என்பதும் 'எவ்வளவு' என்பதும் இரண்டு தனித்தனிக் கேள்விகள். என் மூன்றாம் கேள்வியில் நான் முதலாவதைக் கேட்காமலேயே இரண்டாவதற்குப் பதில் எழுதியிருந்தேன்.

ஒருங்கும் தொடரா, விரியும் தொடரா என்று பார்க்க ஏகப்பட்ட சோதனைகள். தோழி எல்லாவற்றையும் ஒரு பெரிய தாளில் அம்புக்குறி போட்டு, 'ஆம்' என்றால் இந்தப் பக்கம், 'இல்லை' என்றால் அந்தப் பக்கம் என்று வரைந்து சுவரில் ஒட்டியிருந்தாள். எனக்கு அந்தப் படம் தலையில் நிற்கவில்லை. ஒருநாள் வகுப்பு முடிந்ததும் ஆசிரியரிடம் போய்க் கேட்டேன். அந்தச் சிவப்பு வரியை எழுதியவர்தான்.

"சார், ரேஷியோ டெஸ்ட் ஏன் வேலை செய்யுது?"

"உனக்குச் சந்தேகமே இல்லாம விடை தெரிஞ்ச தொடர் எதும்மா?"

"பெருக்குத் தொடர், சார். ஒவ்வொண்ணும் முன்னதுல பாதின்னா அடங்கிடும்."

"பாதியா இல்லாம முக்கால்னா?"

"அதுவும் அடங்கும். ஒண்ணுக்குக் கீழ இருந்தா போதும்."

"அப்ப ரேஷியோ டெஸ்ட் என்ன கேக்குது?"

நின்ற இடத்திலேயே விளங்கிவிட்டது. போகப் போக இது ஒரு பெருக்குத் தொடர் மாதிரி நடந்துகொள்கிறதா என்று மட்டும்தான் அது கேட்கிறது. அடுத்ததை முன்னதால் வகுத்தால் வரும் விகிதம் ஒன்றுக்குக் கீழே ஒரு எண்ணை நெருங்கினால், இறுதியில் அது ஒரு பெருக்குத் தொடரின் நிழலில் அடங்கிவிடும். விகிதம் சரியாக ஒன்றை நெருங்கினால் அந்த ஒப்பீட்டால் எதுவும் சொல்ல முடியாது. இசைத் தொடருக்கும் ஒன்றுதான், வர்க்கத் தொடருக்கும் ஒன்றுதான், முன்னது விரிகிறது, பின்னது ஒருங்குகிறது. சோதனை அங்கே வாய் மூடிக்கொள்வதற்குக் காரணம் இருக்கிறது. அதன் பிறகு சுவரில் இருந்த படத்தைப் பார்க்கும் தேவை எனக்கு வரவில்லை. ஒவ்வொரு சோதனையும், தெரிந்த ஒரு தொடரோடு தெரியாத ஒன்றைத் தோளோடு தோள் நிறுத்திப் பார்ப்பதுதான்.

கூட்டல் கழித்தல் மாறி மாறி வரும் தொடர்களில் ஒன்று என்னை உண்மையிலேயே கலங்கடித்தது. 1 − 1/2 + 1/3 − 1/4 என்று போனால் கூட்டுத்தொகை 2-இன் இயல் மடக்கை, 0.6931. சரி. அதே எண்கள், ஒன்றையும் விடாமல், ஒன்றையும் சேர்க்காமல், வரிசையை மட்டும் மாற்றுவோம்: ஒரு கூட்டல், இரண்டு கழித்தல். 1 − 1/2 − 1/4 + 1/3 − 1/6 − 1/8 என்று. முதல் இரண்டைச் சேர்த்தால் 1/2. நான்காவது, ஐந்தாவது சேர்த்தால் 1/6. ஆக 1/2 − 1/4 + 1/6 − 1/8 என்று வருகிறது. பழைய தொடரின் ஒவ்வொரு உறுப்பும் பாதியாக நிற்கிறது! கூட்டுத்தொகையும் பாதி, 0.3466. முன்பின்னாகக் கூட்டினாலும் தொகை மாறாது என்று ஒன்றாம் வகுப்பில் விரல் மடக்கிக் கற்றது, முடிவிலியில் செல்லாது. இப்படிப்பட்ட தொடரின் வரிசையை மாற்றி எந்த எண்ணை வேண்டுமானாலும் வரவழைக்கலாம் என்று 1854-இல் ரீமான் காட்டினார்.

கடைசி மாதத்தில் டெய்லர் தொடர் வந்தது. டெய்லர் அதை அச்சிட்டது 1715-இல். சைன், காஸ், டேன் தலைகீழ் எல்லாவற்றையும் முடிவில்லாப் பல்லுறுப்புக் கோவையாக எழுதலாம் என்று ஆசிரியர் பலகையில் எழுதிக்கொண்டே வந்து, பை/4 = 1 − 1/3 + 1/5 − 1/7 என்ற வரியில் நிறுத்தினார். இதை ஐரோப்பாவில் லைப்னிட்ஸ் 1670-களில் கண்டார், ஆனால் அதற்கு இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக முன்பே கேரளத்தில் சங்கமகிராம மாதவரின் மரபில் இது தெரிந்திருந்தது என்றார். 1530 வாக்கில் ஜ்யேஷ்டதேவர் மலையாளத்தில் எழுதிய யுக்திபாஷையில் நிரூபணத்தோடு இருக்கிறது.

அழகான தொடர், ஆனால் மிக மெதுவானது. 500 உறுப்புகள் கூட்டினால் 3.1396 வரும். இரண்டாம் தசம இடமே சரியில்லை. மாதவர் மரபினர் இதை அறிந்திருந்தார்கள். எங்கே நிறுத்துகிறோமோ அங்கே மிச்சம் எவ்வளவு இருக்கும் என்று கணித்து, ஒரு திருத்த உறுப்பைச் சேர்த்தார்கள். அன்று மாலை அதைக் கையால் போட்டுப் பார்த்தேன். ஐந்து உறுப்புகள் மட்டும்: 1 − 1/3 + 1/5 − 1/7 + 1/9. வருவது 0.8349206. நான்கால் பெருக்கினால் 3.3397, பைக்கு அருகில்கூட இல்லை. இப்போது திருத்தம். உறுப்புகளின் எண்ணிக்கை 5. அதன் வர்க்கத்தோடு ஒன்று: 26. வர்க்கத்தின் நான்கு மடங்கோடு ஐந்து: 105. அதை 5-ஆல் பெருக்கினால் 525. ஆக 26/525, அதாவது 0.0495238. முன்னதிலிருந்து கழித்தால் 0.7853968. நான்கால் பெருக்கினேன்.

3.1415873.

பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். உண்மையான பை 3.1415927. ஐந்தே உறுப்புகள், ஒரு பின்னம். திருத்தம் இல்லாமல் இந்தத் துல்லியத்துக்கு வர ஏறக்குறைய 1,87,000 உறுப்புகள் கூட்ட வேண்டும். ஒரு தொடர் அடங்குகிறதா என்று கேட்டு, எங்கே அடங்குகிறது என்று கேட்டு, நாம் பாதியில் எழுந்துபோனால் எவ்வளவு தவறியிருப்போம் என்றும் கேட்டிருக்கிறார்கள். அந்த மூன்றாவது கேள்வியைப் புத்தகத்தில் பிழை எல்லை என்ற தலைப்பில் நாங்கள் சலிப்போடு கடந்து வந்திருந்தோம்.

செமஸ்டர் இறுதித் தேர்வின் கடைசிக் கேள்வி: பகுதியில் எக்ஸ் − 1, அதற்கு 2/3 என்று அடுக்கு, தொகுதியில் ஒன்று. 0 முதல் 3 வரை தொகையிடுக. பேனாவை எடுக்கும் முன்பே ஓரத்தில் வளைவை வரைந்தேன். எக்ஸ் 1 ஆகும்போது முடிவிலிக்குப் பாய்கிறது. அங்கே வெட்டி, இரு பக்கமும் தள்ளி நின்று, நெருங்கினேன். இடப்பக்கம் 3. வலப்பக்கம் 3-ஐ 2-இன் கனமூலத்தால் பெருக்கியது. இரண்டும் இருக்கின்றன. கூட்டி எழுதினேன்.

வெளியே வந்ததும் தோழி கேட்டாள், "கடைசிக் கணக்கு என்ன வந்துது?" சொன்னேன். "எனக்கும் அதேதான். நேரா மூணு வரியில போட்டேன், நீ ஏன்டி முழுப் பக்கம் எழுதினே?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. நான் −2 எழுதிய அதே மூன்று வரி வழி இங்கே சரியான விடையைத் தந்திருக்கிறது. படிக்கட்டிலேயே உட்கார்ந்து, வினாத்தாளின் பின்பக்கத்தில் இரண்டு வளைவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வரைந்தோம். இவளுடைய கணக்கில் தொகையிட்டுக் கிடைத்த சார்பு கனமூலம். அது 1 என்ற இடத்தைச் செங்குத்தாக, ஆனால் அறுபடாமல் கடந்து போகிறது. என்னுடைய பழைய −1/எக்ஸ் பூஜ்யத்தில் இரண்டாக அறுந்து, ஒரு துண்டு மேலேயும் ஒரு துண்டு கீழேயும் போய்விடுகிறது.

"அப்ப அறுபடலேன்னா மூணு வரியே போதுமா?" என்றாள்.

"அறுபடலேன்னு பார்த்துட்டுத்தானே சொல்லணும்?"

அவள் தாளை வாங்கி, கனமூல வளைவின் மேல் 1-க்கு இடப்பக்கத்திலிருந்து பென்சில் முனையை மெதுவாக நகர்த்திக்கொண்டு போனாள், எங்காவது தடுக்கிறதா என்று பார்த்துக்கொண்டே.